தமிழ் எழுத்துப்பிழைகள்

தமிழ் எழுத்துப்பிழைகள் என்பன, தமிழை எழுதும்போது ஓர் எழுத்துக்கு மாற்றாக வேறோர் எழுத்தை இடுவதாலும், வேண்டிய ஒற்றை விட்டுவிடுவதாலும், வேண்டாத ஒற்றைச் சேர்ப்பதாலும், ஒரு சொல்லை அதன் பொருளுக்குப் பொருந்தாத இடத்தில் ஆளுவதாலும் நேரும் வழுக்கள் ஆகும். கடைப் பலகை, திருமண அழைப்பிதழ், சுவர் விளம்பரம், செல்பேசிச் செய்தி, இணையப் பக்கம் ஆகிய எல்லாவற்றிலும் இவை காணப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை அறியாமையால் மட்டும் நேர்வன அல்ல. பேச்சுத் தமிழில் ஒன்றாகிவிட்ட ஒலிகளை எழுத்துத் தமிழ் இன்னும் தனித்தனியே காத்துவருவதே முதன்மையான காரணம். ஆகவே ஒரு பிழையைப் பார்த்தால், அதை எழுதியவர் எப்படிப் பேசுகிறார், எந்த விசைப்பலகையில் எழுதுகிறார் என்பவற்றைக்கூடப் பலநேரம் ஊகிக்க முடியும்.

வாழப்பாடி: ஒரு பெயரில் மூன்று மயக்கங்கள்

வாழப்பாடி, சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பேரூராட்சி. சேலம் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றின் தலைமையிடமும் இதுவே. இவ்வூரின் பெயரைப் பிழையாக எழுத மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் வழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது 'வாளப்பாடி'. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பேச்சிலிருந்து வருவது இது. இரண்டாவது 'வாலப்பாடி'. இது பேச்சிலிருந்து வருவதன்று. ஆங்கில எழுத்திலிருந்து திரும்பி வருவது. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் ழகரத்துக்கு 'இசட்-எச்' என்னும் ஈரெழுத்தை இடுகின்றனர். வேறு சிலர் 'எல்' எழுத்தை இடுகின்றனர். 'எல்' வடிவத்தைக் கண்டு தமிழுக்குப் பெயர்ப்பவர், அல்லது பெயர்க்கும் மென்பொருள், லகரத்தையே தேர்கிறது. மூன்றாவது 'வாழபாடி'. நடுவில் வரும் பகர ஒற்று விடுபட்ட வடிவம் இது.

பாடி என்பது பழந்தமிழில் முல்லைநிலத்துக் குடியிருப்பையும் படை தங்கும் இடத்தையும் குறித்த சொல். எடப்பாடி முதலிய ஊர்ப்பெயர்களிலும் இதைக் காணலாம். இச்சொல்லுக்கு முன் ஒற்று மிகுவதால் அதை விட்டு எழுதுவது வழுவாகும்.

இதே சமவெளியின் வேறு ஊர்ப்பெயர்களும் நல்ல சான்றுகளாக உள்ளன. சேலத்துக்கும் வாழப்பாடிக்கும் இடையில் இருப்பது அயோத்தியாப்பட்டணம். இதைப் பலர் 'அயோத்தியாப்பட்டிணம்' என எழுதுகின்றனர். தமிழில் பட்டினம் என்றொரு சொல் உண்டு. அது காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்பவற்றிற்போலக் கடற்கரை ஊரைக் குறிப்பது. அதில் வருவது றன்னகரம். பட்டணம் என்பது பொதுவாக நகரைக் குறிப்பது. அதில் வருவது டண்ணகரம். 'பட்டிணம்' இரண்டையும் கலந்து பிறந்த, இரண்டிலும் சேராத வடிவம். கடலுக்கு வெகுதொலைவில் உள்ள அயோத்தியாப்பட்டணத்துக்குப் பட்டினம் பொருந்தாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இப்பிழை நேராது.

வாழப்பாடிக்கு அருகில் உள்ள பேளூரைப் 'பேலூர்' என எழுதினால் வாசகர் போய்ச் சேரும் இடம் கருநாடகத்தில் போசளர் கோயில் உள்ள பேலூராக இருக்கும். சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியின் பெயர் பனைமரத்திலிருந்து வந்தது. அதைப் 'பணமரத்துப்பட்டி' என எழுதுவோர் அவ்வூருக்கு இல்லாத செல்வத்தை ஏற்றிவிடுகின்றனர். ஏற்காட்டை 'ஏர்க்காடு' என எழுதுவதும் உண்டு.

ஒலியும் எழுத்தும்

தமிழில் மயங்கும் எழுத்துகள் மூன்று தொகுதிகளாக உள்ளன: ல, ள, ழ, ர, ற, ந, ன, ண.

ழகரம் தமிழிலும் மலையாளத்திலும் நிலைத்திருக்கும் எழுத்து. பழங்கன்னடத்திலும் இவ்வொலி இருந்து பின்னர் மறைந்தது. தமிழ்நாட்டின் பல வட்டாரங்களிலும் இலங்கையிலும் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. எனவே இவ்விரண்டையும் காதால் பிரித்தறிய இயலாது. கண்ணால் பார்த்து நினைவிற் கொள்வதே வழி. உணவகப் பலகைகளில் 'மீன் குளம்பு' என எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். குளம்பு என்பது மாடு, குதிரை ஆகியவற்றின் காலடிப் பகுதி, உண்பது குழம்பு. 'பட்டாசு கொழுத்தினர்' என்பதும் இவ்வகையே. கொழுத்தல் உடல் பருத்தல்; நெருப்பு வைப்பது கொளுத்துதல். வாளை என்பது மீன், வாழை மரம். லகர, ளகர மயக்கம் ஒப்பீட்டளவில் குறைவு என்றாலும் இல்லாமலில்லை. நாமக்கல் மாவட்டத்துப் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் பெயர்பெற்றது. அங்கு விற்பது வெல்லம். 'நாட்டு வெள்ளம்' என எழுதினால் அது ஆற்றில் வருவதாகிவிடும்.

ரகரமும் றகரமும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒரே ஒலியாகிவிட்டன. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சில் வேறுபாடு இன்னும் கேட்கிறது. கரை என்பது ஆற்றின் ஓரம். கறை என்பது துணியிற் படிவது. அரை பாதி, அறை வீட்டின் பகுதி. இரை உணவு, இறை கடவுள். அக்கரை எதிர்க்கரை, அக்கறை ஈடுபாடு. 'பிள்ளைகள் மீது அக்கரை உள்ள பெற்றோர்' என்னும் தொடரில் பெற்றோர் ஆற்றுக்கு அப்பால் நிற்கின்றனர்.

னகர, ணகர, நகர மயக்கத்துக்கு இலக்கணம் எளிய வழியொன்றைத் தருகிறது. தமிழில் ஒவ்வொரு மெல்லின மெய்யும் தனக்கு இனமான வல்லினத்துக்கு முன்னரே பெரும்பாலும் நிற்கும். டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந், சகரத்துக்கு முன் ஞ். இதனால் 'வேன்டும்', 'கன்டிப்பாக', 'ஒண்றை' என்னும் வடிவங்கள் தமிழில் அமைய வழியே இல்லை. வேண்டும், கண்டிப்பாக, ஒன்றை என்பனவே அமையும். இந்த ஒரு விதியை அறிந்தவர் அகராதியைத் திறக்காமலே இவ்வகைப் பிழைகளுட் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

நகரம் பொதுவாகச் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் மட்டும் வரும். பிற இடங்களில் வருவது னகரம். இதற்கு விலக்குகள் உண்டு, அவ்விலக்குகளிலேயே பிழை மிகுதி. தே என்னும் சொல்லும் நீர் என்னும் சொல்லும் சேர்ந்தது தேநீர். 'தேனீர்' என எழுதினால் அது தேன் கலந்த நீர். மூன்று நூறு சேர்ந்தது முந்நூறு. 'முன்னூறு' என்பது முன்னால் உள்ள நூறு எனப் பொருள்படும். ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் 'நர்' என்னும் விகுதி சொல்லின் இறுதியில் வந்தாலும் நகரத்தை விடுவதில்லை: ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர், பெறுநர், அனுப்புநர். பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படையின் பெயரிலேயே இவ்விகுதி உள்ளது. பள்ளியில் கடிதம் எழுதக் கற்றபோது 'அனுப்புநர்' என்று பிழையின்றி எழுதிய மாணவரே பின்னாளில் 'ஓட்டுனர் தேவை' என எழுதுவது வியப்புக்குரியது.

ற், ட் என்பவற்றின் பின் ஒற்று

'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு', 'விற்க்கப்படும்' ஆகியவை இன்று மிகப் பரவலான பிழைகள். முயற்சி, பயிற்சி, அதற்கு, விற்கப்படும் என்பனவே சரியானவை. ற், ட் என்னும் வல்லின மெய்களுக்குப் பின் மற்றொரு மெய் தொடர்ந்து நிற்பதில்லை என்பது விதி.

இப்பிழை ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு விடை ரகர, றகர மயக்கத்தில் உள்ளது. ய், ர், ழ் என்னும் மூன்று மெய்களுக்குப் பின் இன்னொரு மெய் நிற்கலாம் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. அதனாலேயே வளர்ச்சி, பார்க்க, காய்ச்சல், மகிழ்ச்சி, வாழ்த்து ஆகிய சொற்களில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருகின்றன. 'வளர்ச்சி' என எழுதிப் பழகிய கை, அதே ஓசையுடைய 'முயற்சி'யிலும் ஒரு சகர ஒற்றை இட்டுவிடுகிறது. காதுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தில் மட்டும் ஒன்று இடையினம், மற்றொன்று வல்லினம்.

இதனைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஒரு சொல்லில் ர் வருமா ற் வருமா என ஐயம் எழுந்தால், 'இனி வரும் மெய் இரட்டித்து ஒலிக்கிறது, ஒற்று உண்டு' என்று உறுதியாகத் தெரியுமாயின் அங்கு வருவது ர் தான்.

பேச்சைத் திருத்தப் போய் நேரும் பிழைகள்

மேற்கண்டவை பேச்சை அப்படியே எழுதுவதால் வருபவை. இவற்றினும் சுவையான மற்றொரு வகை உண்டு. தம் பேச்சு கொச்சை என அறிந்த ஒருவர், அதைத் திருத்தி எழுத முயன்று, திருத்தம் வேண்டாத சொல்லையும் திருத்திவிடுவதால் வருவது இது. மொழியியலார் இதனை மிகைத்திருத்தம் என்பர்.

பேச்சில் கிணற்றில் என்பது 'கெணத்துல' என்றும், சேற்றில் என்பது 'சேத்துல' என்றும், காற்று என்பது 'காத்து' என்றும் வழங்கும். பேச்சுத் தகரம் எழுத்தில் றகரமாகும் என்பதை எழுதுபவர் பட்டறிவால் அறிவார். சுவரில் என்பதைப் பேச்சில் 'செவுத்துல' என்கின்றனர். அதே முறையில் அதைத் திருத்தினால் கிடைப்பது 'சுவற்றில்'. ஆனால் கிணறு, வயிறு, கயிறு, ஆறு, சோறு என 'று' என முடியும் சொற்கள்தாம் கிணற்றில், வயிற்றில், கயிற்றில், ஆற்றில், சோற்றில் என மாறும். சுவர் என்பது ரகர மெய்யில் முடியும் சொல்; சுவரில், சுவருக்கு, சுவரை என்றே அமையும். 'சுவறு' என்றொரு வினைச்சொல் உண்டு. அதன் பொருள் வற்றுதல். 'இச்சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்னும் எச்சரிக்கை, தமிழ்நாட்டுச் சுவர்களில் விளம்பரங்களைக் காட்டிலும் கூடுதலாக எழுதப்பட்டிருக்கக்கூடும்.

'கோர்த்து' என்பதும் இப்படிப் பிறந்ததே. சேர்த்து, பார்த்து என்பவை பேச்சில் 'சேத்து', 'பாத்து' எனக் குறுகும். விடுபட்ட ரகர ஒற்றை எழுத்தில் மீட்பது வழக்கம். கோத்து என்பதில் விடுபட்டது எதுவுமில்லை. கோ என்பதே வினையடி, மணிகளைக் கோத்தல். ஆயினும் அதற்கும் ஒரு ரகரம் தரப்படுகிறது.

எதிர்த்திசையிலும் சொற்கள் செல்கின்றன. இதழொலிக்குப் பின்வரும் இகரம் பேச்சில் உகரமாவது உண்டு. பிள்ளை 'புள்ள' ஆவது போல. அவ்வாறே கால்நடைத் தீவனக் கடைகளில் பிண்ணாக்கு, 'புண்ணாக்கு' ஆனது. எள்ளும் நெய்யும் சேர்ந்த எண்ணெய், 'எண்ணை' ஆனது. பதற்றம் 'பதட்டம்' ஆனது. பன்னிரண்டு 'பன்னிரெண்டு' ஆனது. இரண்டு என்பதைத் தனியே 'ரெண்டு' என்று பேசுவதன் தாக்கம் இது.

இகரம் எகரமாவதும் பேச்சின் இயல்பே. இலை 'எலை' ஆகும், இடம் 'எடம்' ஆகும். இடைப்பாடி, எடப்பாடி எனச் சேலம் மாவட்டத்து ஊரொன்றின் பெயர் இரு வடிவங்களில் வழங்குவதற்கு இதுவே காரணம். 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவரின் பெயரோடு சேர்ந்து எடப்பாடி என்னும் வடிவம் நாடெங்கும் நிலைபெற்றது. அவருடைய பெயரிலும் 'பழனிசாமி', 'பழனிச்சாமி' என ஒற்று இல்லாமலும் ஒற்றுடனும் இரு வடிவங்கள் எழுதப்படுகின்றன.

வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும்

க, ச, த, ப என்னும் வல்லின எழுத்துகளில் தொடங்கும் சொல், மற்றொரு சொல்லின் பின் வரும்போது இடையில் ஒற்று மிகுவதும் மிகாமல் இருப்பதும் சந்தி எனப்படும். மாணவர் மிகவும் அஞ்சும் பகுதி இது. அச்சத்துக்குப் பாடநூல்களின் நீண்ட பட்டியல்களும் ஒரு காரணம். அன்றாட எழுத்துக்குச் சில இடங்களை அறிந்தாலே போதும்.

இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'க்குப் பின்னும் நான்காம் வேற்றுமை உருபான 'கு'வுக்குப் பின்னும் ஒற்று மிகும்: பாலைக் குடித்தான், பள்ளிக்குச் சென்றான். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும் மிகும்: அந்தப் பையன். படித்து, எடுத்து என வல்லின ஒற்றைத் தொடர்ந்து உகரத்தில் முடியும் வினையெச்சங்களுக்குப் பின் மிகும்: எடுத்துக் கொடுத்தான். வந்து, சென்று என மெல்லின ஒற்றைத் தொடர்பவற்றின் பின் மிகாது: வந்து போனான். நல்ல, பெரிய, வந்த, படித்த முதலிய பெயரெச்சங்களின் பின் மிகாது: படித்த பெண். இப்பட்டியலைப் பேசிப் பார்த்தே பெருமளவு சரிபார்க்கலாம் என்றாலும், எழுத்தில் அவ்வொற்றை இடுவோர் குறைந்துவருகின்றனர்.

ஒற்று பொருளை மாற்றும் இடங்களில்தான் இது வெறும் மரபு அன்று என்பது விளங்கும். 'வேலை கொடு' என்றால் பணி தருமாறு கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் படைக்கருவியைக் கேட்பது. 'மருந்துக்கடை' விற்கும் இடம். 'மருந்து கடை' என்பது மருந்தைக் கடையுமாறு ஏவுவது. கைமாறு என்பது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போதல்; கைம்மாறு என்பது செய்த உதவிக்குத் திருப்பிச் செய்வது.

சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் போரிலும் ஆநிரை மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் பல உள்ளன. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலத்துக்கும் பொருந்துவதால் நடுகல் என்பது வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர் போல. இதை 'நடுக்கல்' என எழுதினால் நடுவில் உள்ள கல் என்றே பொருள்படும், வீரன் மறைந்துபோவான். செய்தித்தாள்களில் இப்பிழை அடிக்கடி காணப்படுகிறது.

சொல்லாட்சி வழுக்கள்

முயல் என்னும் வினையிலிருந்து முயற்சி என்னும் பெயர் வந்தது. அப்பெயரிலிருந்து மீண்டும் வினையாக்கி 'முயற்சித்தார்' என எழுதுவதை இலக்கண ஆசிரியர்கள் ஏற்பதில்லை. பயில் என்பதிலிருந்து வந்த பயிற்சியை வைத்து எவரும் 'பயிற்சித்தார்' என எழுதுவதில்லை என்பது அவர்கள் காட்டும் சான்று. முயன்றார், முயற்சி செய்தார் என எழுதலாம்.

'ஒவ்வொரு மாணவர்களும்' என்பது ஒருமையும் பன்மையும் மோதும் தொடர். ஒவ்வொரு மாணவரும் என்றோ மாணவர்கள் ஒவ்வொருவரும் என்றோ அமைய வேண்டும். உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு என்பது உரைநடை மரபு: ஓர் ஊர், ஒரு நகரம். 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்குரியது. ஒருமைக்கு அன்று என்பதே பழைய முறை. உயர்திணைக்கு அல்லன், அல்லள், அல்லர் என்பன உண்டு. இன்றைய எழுத்தில் அல்ல என்பது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. இதனைப் பிழையெனத் திருத்துபவர் நாளிதழ் ஒன்றின் ஒரு பக்கத்தையே முழுதும் திருத்த வேண்டியிருக்கும்.

பிழை எது, வழக்கு எது

எழுத்து மாறினாலே பிழை என்பதில்லை. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் ஓரெழுத்து மாறியும் பொருள் மாறாத சொற்களைப் போலி எனத் தனியே வகுத்தார். பந்தல் என்பதைப் பந்தர் என்றும், அமைச்சு என்பதை அமச்சு என்றும் எழுதலாம். பவளமும் பவழமும் இரண்டும் சரி. உளுந்து என இன்று எழுதப்படுவது சங்க இலக்கியத்தில் உழுந்து என வருகிறது. ஆகவே ழகரத்தைக் கண்டு அதைப் பிழையென அடித்துவிடுவதற்கில்லை.

ஊர்ப்பெயர்களில் சிதைவே நிலைபெற்றுவிடுவதை மரூஉ என்பர். கோயம்புத்தூர் கோவையானதும் புதுச்சேரி புதுவையானதும் இவ்வகை. வாழப்பாடிக்குக் கிழக்கே வசிட்டநதிக் கரையில் உள்ள ஆத்தூரின் பெயர் ஆற்றூர் என்பதன் பேச்சு வடிவமாகக் கருதப்படுகிறது. அதற்காக இன்று எவரும் ஆற்றூர் எனத் திருத்தி எழுதுவதில்லை. எழுதினால் பேருந்தும் அஞ்சலும் தடுமாறும்.

கிரந்த எழுத்துகளை ஆள்வது பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பிய மரபு. மறைமலை அடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இதற்குப் புத்துயிர் தந்தது. சேலம் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கு ஆலைகளில் உருவாகும் பொருளை ஒருவர் ஜவ்வரிசி என்றும் மற்றவர் சவ்வரிசி என்றும் எழுதலாம். வசிஷ்ட நதி, வசிட்டநதி என்பதும் அதுபோன்றதே. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து எழுதுவதுதான் குறை.

இலங்கைத் தமிழர் பிறமொழிப் பெயர்களை எழுதும் முறை தமிழ்நாட்டு முறையிலிருந்து வேறானது. கனடாவின் பெருநகரைத் தமிழ்நாட்டவர் டொராண்டோ என்றும் ஈழத்தவர் ரொறன்ரோ என்றும் எழுதுகின்றனர். ஒருவர் எழுத்தை மற்றவர் பிழையென எண்ணித் திருத்தப் புகுவது அடிக்கடி நிகழ்வது. இரண்டும் தத்தம் ஒலிப்பு மரபுக்கு உட்பட்ட வடிவங்களே.

நீண்ட நாள் வழக்கு ஒன்று 'கள்' விகுதி பற்றியது. வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா? கள் என்பது விகுதியே தவிரத் தனிச்சொல் அன்று. ஆதலால் வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் ஒற்று மிக வேண்டியதில்லை என்பது ஒரு தரப்பு. 'வாழ்த்துக்கள்' என்பதில் மதுவாகிய கள் வந்துவிடுகிறது என்றும் அத்தரப்பினர் நகைப்பர். எழுத்துக்கள், நாட்கள் என்பவை நெடுங்காலம் ஆளப்பட்டவை என்பது மறுதரப்பு. பசுக்கள், அணுக்கள், பூக்கள் என்பவற்றில் ஒற்று மிகுவதை இருதரப்பும் ஏற்கின்றன. இக்கட்டுரையில் ஒற்று மிகா வடிவம் ஆளப்பட்டுள்ளது.

அகராதிகளின் நோக்கமும் வேறுபடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இலக்கியச் சொற்களுக்கு முதன்மை தந்தது. 1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இக்கால எழுத்தில் உண்மையாக வழங்கும் சொற்களைப் பதிவு செய்தது. வழுவற்ற உரைநடைக்கு வழிகாட்டும் நூல்களுள் அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' பரவலாக அறியப்பட்டது.

பெயர்களும் ஆவணங்களும்

பொது எழுத்தில் நேரும் பிழை நகைப்போடு முடிந்துவிடும். ஒருவரின் பெயரில் நேரும் பிழை அவ்வாறு முடிவதில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு வடிவம், குடும்ப அட்டையில் மற்றொரு வடிவம், நிலப் பட்டாவில் வேறொரு வடிவம் என இருந்தால், மூன்றும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை அப்பெயருக்கு உரியவர் மீது விழுகிறது. பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடுவதற்குத் தமிழ்நாட்டில் எழுதுபொருள், அச்சுத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பழனி, பழநி, முனியன், முணியன், வள்ளி, வல்லி என ஓர் எழுத்தின் வேறுபாடே இதற்குப் போதுமானது. வள்ளி, வல்லி என்பன இருவேறு பெயர்கள் என்பதால் எழுதுபவருக்குத் தாம் பிழை செய்ததே தெரியாமல் போகும்.

ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் அரசு ஒருமுறை கை வைத்தது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணை 2020 சூனில் வெளிவந்தது. புதிய வடிவங்களில் பல படிப்பதற்குக் கடினமாக இருப்பதாக எழுந்த குறைகூறல்களால் அதே மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டத் தனித்தனி எழுத்து இல்லாத ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலும் எல்லோருக்கும் நிறைவளிப்பது அரிது. தமிழ் என்னும் பெயரே ஆங்கிலத்தில் லகரத்துக்குரிய எழுத்தோடுதான் நிலைத்துள்ளது.

கணினியும் பிழையும்

கணினியில் தமிழ் எழுதும் முறைகள் தமக்கே உரிய பிழைகளை உண்டாக்குகின்றன. ஆங்கில விசைகளைக் கொண்டு ஒலிபெயர்ப்பாக எழுதும் முறைகளில் சிறிய 'எல்' லகரத்தையும் பெரிய 'எல்' ளகரத்தையும் தரும். மேல்தட்டு விசையை அழுத்த மறந்தால் 'பள்ளி' எளிதில் 'பல்லி' ஆகிவிடும். இம்முறைகள் பலவற்றில் 'என்' எழுத்து சொல்லின் முதலில் நகரத்தையும் இடையில் னகரத்தையும் தானாகவே தருகிறது. பெரும்பாலான சொற்களுக்கு இது நன்மையே. ஓட்டுநரும் தேநீரும் மட்டும் பிழையாகின்றன. இவ்விரு பிழைகளும் இணையத்தில் பெருகியதற்கு இம்முறைகளும் காரணம் எனலாம்.

1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசைகள் உள்ளன. மேலும், ஒரு மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் இடையில் புள்ளி தானாகவே அமையும்: ண, ட எனத் தட்டினால் 'ண்ட' வரும்; ன, ற எனத் தட்டினால் 'ன்ற' வரும். இலக்கணத்தின் மெய்ம்மயக்க விதியே விசைப்பலகையின் இயக்கமாக இங்கு அமைந்துள்ளது. செல்பேசிகளில் சொல்லின் சில எழுத்துகளைத் தட்டியவுடன் முழுச்சொற்களை முன்வைக்கும் வசதி வந்தபின், பிழை எழுதுவதைவிடப் பிழையான சொல்லைத் தேர்வதே மிகுதியாகியுள்ளது.

கண்ணுக்கே தெரியாத பிழையும் ஒன்று உண்டு. ஔகார உயிர்மெய்யின் பின்பகுதி, பார்வைக்கு ளகரம் போலவே இருக்கும். ஆதலால் பலர் எகர உயிர்மெய்யை இட்டு அடுத்து ளகரத்தைத் தட்டி 'மெளனம்', 'கெளரி', 'பெளர்ணமி' என எழுதிவிடுகின்றனர். இவை மௌனம், கௌரி, பௌர்ணமி என்பவற்றிலிருந்து திரையில் வேறுபட்டுத் தோன்றுவதே அரிது. ஒருங்குறியிலோ ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் வெவ்வேறு எண்கள். ஆகவே கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். எழுத்தாளர் மௌனியைப் (1907–1985) பற்றி 'மெளனி' என எழுதப்பட்ட ஒரு கட்டுரை, சரியாகத் தட்டித் தேடுபவருக்கு அகப்படாமல் போகலாம். அகரவரிசையிலும் அது வேறிடத்தில் போய் நிற்கும். பழைய தட்டச்சு முறைகளில் இரண்டுக்கும் ஒரே விசை இருந்ததும், அவ்வாறு உள்ளிட்ட நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதும் இப்பிழை பரவக் காரணங்களாயின. இதைப் போன்றே அச்சு நூல்களை ஒளிவருடி எழுத்துணரும்போது துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறுவதுண்டு. 'காலம்' என்பது 'கரலம்' ஆகும்.

சொற்பட்டியலை மட்டும் வைத்துப் பிழை காணும் ஆங்கில முறை தமிழுக்கு எளிதில் பொருந்துவதில்லை. ஒரு பெயர்ச்சொல்லே வேற்றுமை உருபு, சொல்லுருபு, உம்மை ஆகியவற்றை ஏற்று மிகப் பல வடிவங்களைப் பெறுவதால் எல்லாவற்றையும் பட்டியலிடுவது கடினம். சொல்லைப் பகுத்து ஆராயும் முறையில் அமைந்த கருவிகளே இதற்குத் தேவைப்படுகின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய நாவி என்னும் சந்திப்பிழை திருத்தியும் வாணி என்னும் எழுத்துப்பிழை திருத்தியும், பேராசிரியர் ந. தெய்வ சுந்தரம் உருவாக்கிய மென்தமிழ் சொல்லாளரும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. சந்தியை இவை பெருமளவு திருத்தித் தருகின்றன. ஆனால் 'மீன் குளம்பு' போன்ற தொடரில் இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே. அங்கு குழம்பு வந்திருக்க வேண்டும் என அறிய, சொல்லை மட்டுமன்றி அதன் சூழலையும் கருவி படித்தாக வேண்டும்.